ஏப்ரலுக்கு முன் எடுக்கவோ, பொறுக்கவோ?

வன்னியில் புது ஜீப் எடுக்க நினைத்திருக்கும் உறவுகளுக்கு,

2026 தைப்பொங்கல் முடிந்த கிழமைக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் கிளிநொச்சியில் படிப்பிக்கிற தம்பி. ஒருவர் முரசுமோட்டையில் வயல் செய்கிற அண்ணை. மற்றவர் வவுனியாவில் கடை வைத்திருக்கும் தங்கச்சி. "இப்ப எடுக்கவோ, கொஞ்சம் பொறுக்கவோ? ஏப்ரலோடை வரி கூடுதாம். கையிருப்பிலை ரெண்டு வாகனம்தான் மிச்சமாம்." மூவரும் கிட்டத்தட்ட இதே சொற்களில்தான் கேட்டார்கள். விற்கிறவர்கள் மூன்று ஊரிலும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள் என்று விளங்கியது. அவர்களுக்குத் தொலைபேசியில் அரைகுறையாகச் சொன்னதை உங்கள் எல்லோருக்குமாக இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறுங்கள். லீசிங்கில் எடுக்க நினைப்பவர்கள் கட்டாயம் பொறுங்கள்.

உங்கள் ஆசையைக் குறை சொல்ல நான் வரவில்லை. எங்கள் சனத்துக்கு வாகனம் என்பது வெறும் போக்குவரத்துச் சாமானாக ஒருநாளும் இருந்ததில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் மருந்துபோலத்தான் கிடைத்தது. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது. சின்னப் போத்தல் ஒன்றில் பெற்றோல் வைத்திருப்போம். காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு உதைத்து எஞ்சினைப் பிடிக்கவைத்து, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். வெள்ளைப் புகை ஒழுங்கை முழுக்க நிற்கும். பிளக்கைக் கழற்றி மண்தாளால் தேய்க்காமல் ஒரு கிழமை போகாது. நிறைமாதப் பெண்ணை அப்படியான மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்தி, பின்னால் ஒருவர் தாங்கிப் பிடித்தபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரவுகள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. நடுவழியில் நின்றுவிட்டால், அந்தப் போத்தலில் மிச்சம் எவ்வளவு என்று டோச் அடித்துப் பார்ப்போம்.

2002இல் ஏ9 வீதி திறந்தது. நாலு வருசம் வாகனங்கள் வந்து போயின. 2006 ஆகஸ்டில் மறுபடி பூட்டினார்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கிளிநொச்சியிலிருந்து கிழக்கே கிழக்கே என்று இடம்பெயர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டியில் வீட்டுக் கூரையைக்கூட ஏற்றிக்கொண்டு போனோம். கடைசியில் முள்ளிவாய்க்காலில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தோம். மீளக்குடியமர்ந்த காலத்தில் அந்தப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். வான், லொறி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம், ஆயிரக்கணக்கில் துவிச்சக்கர வண்டிகள், எல்லாம் துருவேறி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. எங்கள் வீட்டு வானை நான் அதன் கதவில் இருந்த ஒரு ஸ்டிக்கரை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பின்சீற்றின் இடுக்கில் அம்மாவின் மூக்குக்கண்ணாடிக் கூடு இன்னும் செருகியபடி இருந்தது.

ஆகவே, படலைக்குள் சொந்த வாகனம் ஒன்று நின்றால் இரவில் நித்திரை வரும் என்று நீங்கள் சொல்லும்போது அதை நான் ஆடம்பரம் என்று சொல்லமாட்டேன். அந்தப் பயம் எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை வைத்துத்தான் இப்போது உங்களுக்கு விற்கிறார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம்.

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது. டொலர் இருநூறு ரூபாயிலிருந்து சில மாதத்துக்குள் முந்நூற்று அறுபதுக்குப் போனது. சொந்த வாகனங்களுக்கான இறக்குமதி திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரி முதலாம் திகதி. ஐந்து வருசப் பசி. அந்தப் பசியோடு எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் கடைக்காரர் என்ன விலை சொல்லுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

விலையின் பெரும்பங்கு வரி. 2025இல் இறக்குமதி திறந்தபோது வைத்த கணக்கின்படி, ஜப்பானில் வாங்கி, கப்பலேற்றி, காப்புறுதி செய்து துறைமுகத்துக்கு வரும் விலையில் 20 வீதம் சுங்க வரி. அந்தச் சுங்க வரியின் மேல் 50 வீதம் மேலதிகக் கட்டணம். பிறகு எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து, மின்சார வாகனம் என்றால் மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து, உற்பத்தி வரி. பெறுமதி ஒரு எல்லையைத் தாண்டினால் சொகுசு வரி. இத்தனையும் கூட்டிய பிறகு அந்த மொத்தத்தின் மேல் 18 வீதம் பெறுமதி சேர் வரி. வரிக்கும் வரி கட்டுகிறோம். இதனால்தான் ஜப்பானில் சின்ன வாகனம் என்று கணக்கெடுக்கிற டொயோட்டா ரைஸ் இங்கே புதிதாக எடுத்தால் ஒரு கோடியைத் தாண்டி நிற்கிறது. கடையில் அதை எஸ்யூவி என்கிறார்கள். எங்களுக்குக் கொஞ்சம் உயரமாக நிற்பதெல்லாம் ஜீப்தான்.

அந்த விலையை எங்கள் கணக்கில் மாற்றிப் பாருங்கள். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நாட்டு நெல்லுக்கு அறிவித்த உத்தரவாத விலை கிலோ 120 ரூபாய். ஒரு கோடியே இருபது இலட்சம் ரூபாய் வாகனம் என்றால் ஒரு இலட்சம் கிலோ நெல். எழுபது கிலோ மூடையாகக் கட்டினால் ஆயிரத்து நானூறு மூடைக்கு மேல். இதில் உழவுக் கூலி, பசளை, மருந்து, வெட்டுக்கூலி எதையும் கழிக்கவில்லை. உத்தரவாத விலைக்கு விற்க முடிந்ததா என்பதையும் கேட்கவில்லை. முரசுமோட்டை அண்ணைக்கு இதைச் சொன்னபோது மறுமுனையில் கொஞ்சநேரம் சத்தமே இல்லை. அவர் மூடையில்தான் சிந்திப்பவர்.

அடுத்தது ஏப்ரல். 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், வாகனங்களுக்கான சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியை ஏப்ரலிலிருந்து இறக்குமதி செய்யும் இடத்திலேயே அறவிடப்போவதாகச் சொன்னார்கள். வீதம் 2.5. இதுவரை விற்பனையில் அறவிட்டதை முன்னுக்கே அறவிடுகிற மாற்றம் அது. விற்கிறவர் சொல்வதுபோல முழுதும் புதிதாக ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கோடியே இருபது இலட்சத்தில் 2.5 வீதம் மூன்று இலட்சம். அந்த மூன்று இலட்சத்தை மிச்சம் பிடிக்க அவசரப்பட்டு அறுபது இலட்சம் லீசிங் எடுக்கிறீர்கள். வருசத்துக்கு 13 வீத வட்டி, ஐந்து வருசம் என்று வைத்தால் மாதத் தவணை ஒரு இலட்சத்து முப்பத்தாறாயிரம் ரூபாய் வரும். முதல் வருசத்து வட்டி மட்டும் ஏழு இலட்சத்தைத் தாண்டும். ஐந்து வருசத்தில் அறுபது இலட்சத்துக்கு எண்பத்திரண்டு இலட்சம் வரை கட்டியிருப்பீர்கள். இதற்கு மேல் முழுக் காப்புறுதி, ரயர், சேர்விஸ், எரிபொருள்.

மத்திய வங்கிகூடப் பயந்துதான் இருக்கிறது. கார், வான், எஸ்யூவி வகைக்கு வாகனப் பெறுமதியில் 60 வீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று 2025 ஜூலையில் சொன்னது. நவம்பரில் அதை 50 வீதமாகக் குறைத்தது. ஆக மிச்ச அறுபது இலட்சத்தை நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டும். அது எங்கே இருந்து வருகிறது? வீதியோரக் காணித் துண்டை விற்று வருகிறது. தங்கச்சிக்கு எடுத்துவைத்த நகையை அடகுவைத்து வருகிறது. கனடாவில் இரண்டு வேலை செய்கிற அண்ணனிடமிருந்து வருகிறது. மத்திய வங்கி ஒரு கதவைப் பூட்டினால் நாங்கள் வீட்டுக் கதவைக் கழற்றி விற்கிறோம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொறுத்தால் விலை கட்டாயம் இறங்கும் என்று நான் சொல்லவில்லை. சர்வதேச நாணய நிதியத்தின் திட்டத்துக்குள் நிற்கிற அரசாங்கத்துக்கு வாகன வரி பெரிய வருமானம். அதை இலகுவில் விடமாட்டார்கள். 2028இலிருந்து வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டும் சுமையும் கூடுகிறது. ரூபாய் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பொறுங்கள் என்று நான் சொல்வது உங்கள் கை நிரம்புவதற்காக. சந்தை இறங்கும் என்று நம்பியல்ல. மாதம் ஒரு இலட்சத்து முப்பத்தாறாயிரத்தைக் கம்பனிக்குக் கட்ட முடியும் என்று நம்புகிறவர், அதே காசை இந்த மாதத்திலிருந்து தன் பெயரில் வங்கியில் போட்டுப் பார்க்கட்டும். ஆறு மாதம் தவறாமல் போட முடிந்தால் கையில் எட்டு இலட்சம் இருக்கும். போட முடியாவிட்டால், லீசிங்கிலும் அது முடிந்திருக்காது. அப்போது உங்களிடம் காணியும் நகையும் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு கதையும் ஊருக்குள் உலவுகிறது. "வாகனம் எண்டால் முதலீடு, வாங்கின விலைக்கு மேலை விக்கலாம்." இறக்குமதி பூட்டியிருந்த ஐந்து வருசத்தில் அது நடந்ததுதான். பத்து வருசம் ஓடிய காரை வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்களை எனக்கும் தெரியும். புது வாகனம் வராததால் பழையது ஏறியது. இப்போது கதவு திறந்துவிட்டது. ஓடத் தொடங்கிய நாளிலிருந்து விலை இறங்குவதே வாகனத்தின் இயல்பு. பஞ்சகாலத்து விலையை வைத்து வருங்காலத்தைக் கணக்குப் போடாதீர்கள்.

லீசிங் எப்படி முடியும் என்பதை நான் என் குடும்பத்துக்குள்ளேயே கண்டேன். மச்சான் 2018இல் ஒரு சின்னப் பட்டா லொறியை லீசிங்கில் எடுத்தார். கிளிநொச்சிச் சந்தையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மரக்கறி ஏற்றினார். உழைத்துக் கட்டுகிற வாகனம், ஆடம்பரம் ஒன்றுமில்லை. இரண்டு வருசம் ஒரு தவணை பிந்தவில்லை. 2020இல் கொரோனா வந்தது. சலுகைக் காலம் தந்தார்கள், சந்தோசப்பட்டோம். சலுகை முடிந்தபோது அந்த மாதங்களின் வட்டியும் தலையில் ஏறியிருந்தது. அதை இழுத்துக்கொண்டு 2022க்கு வந்தார். டீசல் இல்லை. இரண்டு நாள் வரிசையில் நின்று நிரப்பினால் ஒருநாள் ஓட்டம். மூன்று தவணை பிந்தியது. ஒரு விடியப்புறம் சந்தை வாசலில் மூன்று பேர் வந்தார்கள். அவர்களிடம் மாற்றுத் திறப்பு இருந்தது. ஏற்றியிருந்த கத்தரிக்காய் மூடைகளை ஒவ்வொன்றாக இறக்கி மதிலோரம் அடுக்கிவிட்டு வாகனத்தைக் கொண்டுபோனார்கள். மச்சான் மூடைகளுக்குக் காவலாக அங்கேயே இருந்தார். கத்தரிக்காய் வேறொருவருடையது.

அதோடு முடியவில்லை. ஏலத்தில் போன விலை கடனுக்குக் காணாது என்று மிச்சத்துக்குக் கடிதம் வந்தது. பிணை நின்றவர் ஒரு ஆசிரியர், மச்சானின் சின்னவயதுக் கூட்டாளி. அவருக்கும் வந்தது. இரண்டு குடும்பமும் இன்று கதைப்பதில்லை. கலியாணவீட்டில் கண்டால் ஒருவர் முன்வாசலால் வர மற்றவர் பின்வாசலால் போகிறார். வாகனம் போனதைவிட எங்களுக்கு அதுதான் வலி.

2000ஆம் ஆண்டின் நிதிக் குத்தகைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன்படி கடைசித் தவணை கட்டி முடியும் வரைக்கும் வாகனம் கம்பனியுடையது. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் அவர்கள் பெயர்தான் இருக்கும். நீங்கள் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்து எலுமிச்சம்பழம் நசித்து வீட்டுக்குக் கொண்டுவந்தாலும், ஐந்து வருசத்துக்கு அது வாடகைக்கு நிற்கிற சாமான்.

வீதியைப் பற்றியும் கொஞ்சம். "எங்கடை ரோட்டுக்கு ஜீப்தானே சரி" என்கிறீர்கள். 2025 டிற்வா புயலுக்குப் பிறகு, மார்கழி நடுவில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு கிரவல் வீதியில் நான் கண்டதைச் சொல்கிறேன். சீற்றில் பொலித்தீன்கூட இன்னும் கழற்றாத புது வாகனம். முன்சில்லுகள் இரண்டும் அச்சுவரைக்கும் புதைந்து, எஞ்சின் அலற, சேறு பின்னுக்கு வீசிக்கொண்டிருந்தது. பின்சில்லு அசையவில்லை. இப்போது ஜீப் என்று விற்கிற சின்ன வாகனங்களில் பெரும்பாலானவை முன்சில்லால் மட்டும் இழுக்கிற, கொஞ்சம் உயர்த்திக் கட்டிய கார்கள். பழைய நான்கு சில்லு ஜீப்பின் வேலையை அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது. கடைசியில் வயலுக்குள் நின்ற ஒரு தம்பி லாண்ட்மாஸ்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தார். ஓட்டி வந்தவர் காசு நீட்ட, "பரவாயில்லை அண்ணை, மாரிக்கு இந்தப் பக்கத்தாலை வராதையுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் வரம்புக்குப் போய்விட்டார்.

அந்தப் புயலில் பரந்தன்-முல்லைத்தீவு ஏ35 வீதியின் பாலம் போனது. இந்திய இராணுவப் பொறியியலாளர் வந்து 120 அடி பெய்லி பாலம் போட்டு, டிசம்பர் கடைசிப் பகுதியில்தான் திறந்தார்கள். பாலம் இல்லாத நாட்களில் ஒரு கோடி ரூபாய் வாகனமும் பழைய சைக்கிளும் ஒரே இடத்தில்தான் நின்றன. முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்துக்கான புது வேலையும் 2025 செப்டெம்பரில்தான் தொடங்கியது. எங்கள் பயணத்தின் பாதுகாப்பு பாலத்திலும் பஸ்ஸிலும் இருக்கிறது. உள்ளூருக்குப் பின்னேரத்துக்குப் பிறகு பஸ் இல்லாததால்தான் மாங்குளம் சந்தியில் எங்கள் ரீச்சர்மார் கைகாட்டி லிப்ட் கேட்டு நிற்கிறார்கள். அந்த ஒரு பஸ்ஸுக்காக நாங்கள் சேர்ந்து ஒரு கடிதம் எழுதியிருக்கிறோமா? ஆளாளுக்கு லீசிங் கடை தேடிப் போகிறோம்.

இப்போதே எடுக்க வேண்டியவர்களும் உங்களுக்குள் இருக்கிறார்கள். கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால் பொறுக்கச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்களுக்கும் தேவை ஓடுகிற ஒரு வாகனம். நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டுபோய், கைக்காசுக்குள் அடங்குகிற பழைய கார் ஒன்றைப் பாருங்கள். நடுச்சாம அவசரத்துக்கு 1990 இலக்க அம்புலன்ஸ் 2018இலிருந்து எங்கள் மாகாணத்திலும் இலவசமாக ஓடுகிறது. அந்த இலக்கம் வீட்டில் எல்லோருக்கும் பாடமா என்று இன்றைக்கே கேட்டுப்பாருங்கள். மின்சார வாகனம் எடுக்கிறவர்களுக்குக் கூரையில் சூரியத்தகடு இருந்தால் நல்லது. ஆனால் பற்றரி பழுதானால் எந்த ஊருக்கு, எதில் ஏற்றிக் கொண்டுபோவது என்பதை விற்கிறவரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முழுக்காசும் கையில் வைத்திருந்து, காணியும் நகையும் தொடாமல், பிள்ளைகளின் படிப்புக் காசிலும் கைவைக்காமல் புது வாகனம் எடுக்கிறவர்களுக்கு என் வாழ்த்து. ஓட்டிக் காட்டுங்கள், நானும் ஏறுகிறேன்.

வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் உறவுகளுக்கும் இதில் ஒரு சொல். தம்பி கேட்கிறான் என்று அறுபது இலட்சம் அனுப்பும்போது, மிச்ச அறுபதுக்கு அவன் எங்கே கையெழுத்து வைக்கிறான் என்றும் கேளுங்கள். முற்பணத்தைக் கொடுத்துவிட்டு ஐந்து வருசத் தவணையை அவன் சம்பளத்தில் விடாதீர்கள். அந்தக் காசில் பாதிக்குக் கிணறும் மோட்டரும் சிறுபோகத்துக்கு வழியும் வரும்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வளவும் வாசித்த பிறகும் ஏப்ரலுக்கு முன் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், அன்றைக்கே கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் கேளுங்கள். மாதத் தவணை எவ்வளவு, பிந்தினால் மேலதிகம் எவ்வளவு, எத்தனை தவணை பிந்தினால் வாகனத்தை எடுப்பார்கள், ஏலத்துக்குப் பிறகு மிச்சம் யார் தலையில் என்ற நாலையும் தாளில் எழுதி வாங்குங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியையும், பிணை நிற்கப்போகிறவரையும் பக்கத்தில் இருத்திச் சத்தமாக வாசியுங்கள். பிணை நிற்பவர் வாசித்து முடித்த பிறகும் சம்மதம் என்று சொன்னால் மட்டும் திரும்பிப் போங்கள்.

அன்புடன்,
கிளிநொச்சியிலிருந்து உங்களில் ஒருவன்